இருபத்து மூன்று ஆண்களின் கையெழுத்து

செலியமேட்டுப் புகழ்வேந்தனுக்கு எழுதத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் கல்லூரியில் சேர்ந்து இரண்டரை வருடமாகப் பரீட்சை ஹாலுக்கு வெளியே அவன் பேனா பிடித்து யாரும் பார்த்ததில்லை.

பாகூருக்கும் தவளக்குப்பத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு கல்லூரி. பேர் வேண்டாம், அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அதில் பி.எஸ்சி. தாவரவியல் மூன்றாம் ஆண்டு. தாவரவியல் என்றால் ரெக்கார்ட் நோட்டு உண்டு. வேரை வெட்டிப் பார்த்தது, தண்டை வெட்டிப் பார்த்தது என்று வாரத்துக்கு இரண்டு படம் வரைந்து, பாகம் குறித்து, எதிர்ப்பக்கத்தில் விளக்கம் எழுத வேண்டும். வகுப்பில் இருபத்து மூன்று பையன்கள், பதினான்கு பெண்கள். பையன்களின் இருபத்து மூன்று நோட்டும் முதல் வருடத் தீபாவளிக்குள் பெண்கள் பக்கத்து பெஞ்சுக்குப் போய்விட்டன. அப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. மூத்த வகுப்பில் அப்படித்தான் நடந்தது, அவர்களுக்கு மூத்த வகுப்பிலும் அப்படித்தான். பெண்கள் தங்கள் நோட்டோடு சேர்த்து ஆளுக்கு ஒன்று, இரண்டு என்று எழுதினார்கள். புவனேஸ்வரிக்கு அச்சு மாதிரி கையெழுத்து, அந்தக் குற்றத்துக்காக அவள் மூன்று எழுதினாள். அந்த மூன்றில் ஒன்று புகழ்வேந்தனுடையது. கைம்மாறாக அவன் செமஸ்டருக்கு ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுப்பான், அதையும் பாதி உடைத்துத் தான் தின்றுவிட்டுத்தான் கொடுப்பான்.

எழுதுகிற தொல்லை இல்லாததால் அவனுக்குப் பேச நிறைய நேரம் இருந்தது. வாய் நீளம் என்கிற ஒரே தகுதியில் வகுப்புக்கு ரெப் ஆகியிருந்தான். கிளாஸ் கட் அடிப்பதா வேண்டாமா என்பதிலிருந்து, ஃபேர்வெல்லுக்குப் பிரியாணி யாரிடம் சொல்வது என்பது வரை அவன் சொன்னால் மற்ற இருபத்திரண்டு பேரும் தலையாட்டுவார்கள். யோசிக்கிற வேலை மிச்சமானால் யாருக்குத்தான் கசக்கும்?

மூன்றாம் வருடத்தில் 'பாலினக் கல்வி' என்று ஒரு பேப்பர் வந்தது. எல்லாத் துறைக்கும் கட்டாயம். பையன்கள் சுருக்கமாக 'ஜெண்டர்' என்றார்கள். திங்களும் வியாழனும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், கண் தானாகச் சொக்குகிற நேரம். நடத்த வந்தவர் ஜெசிந்தா மேரி. வில்லியனூர் பக்கம் மாதா கோயில் இருக்கிற ஒரு சிற்றூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வழியாக ஸ்கூட்டியில் வருவார். அந்த வழியில் ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுகிற ஒரே ஆள் அவர்தான் என்று பையன்கள் சத்தியம் செய்தார்கள். நிரந்தர வேலை கிடையாது. கௌரவ விரிவுரையாளர். அதாவது கௌரவம் நிறைய, உத்தரவாதம் கிடையாது. ஒவ்வொரு ஜூன் மாதமும் கூப்பிட்டால்தான் வேலை.

அவர் கத்தமாட்டார், நோட்ஸ் சொல்லமாட்டார். கேள்வி கேட்பார், கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத்தான் பையன்களால் தாங்க முடியவில்லை. மற்ற வாத்தியார்கள் கேள்வி கேட்டு அவர்களே பதிலும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள். அது எவ்வளவு நிம்மதி!

"உங்க வூட்ல கடைசியா சாப்புடறது யாரு?" என்று முதல் வாரமே கேட்டார்.

"அம்மா மேடம்" என்றார்கள் எல்லோரும்.

"ஏன்?"

வகுப்பு கப்சிப். மேடம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் குடித்தார், மூடினார், மேசையில் சாய்ந்து நின்றார். மூன்று நிமிடம் போயிருக்கும். பொறுக்க முடியாமல் புகழ்வேந்தனின் உயிர் நண்பன் பாக்யராஜ் எழுந்தான்.

"அவங்களுக்கு அப்பதான் மேடம் பசிக்கும்."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. மேடம் சிரிக்கவில்லை. "கேட்டுப் பாத்தியாப்பா?" என்றார், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி.

கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் மேடத்தைப் பற்றிய மாணவர் கருத்து தினமும் ஒருமுறை பதிவாகும். "நம்மளயே ஒக்கார வெச்சி நம்மளயே திட்டறதுக்கு ஒரு சப்ஜெக்ட்டா?" என்பான் ஒருவன். "அந்தம்மா வூட்ல இன்னா பிரச்சனயோ" என்பான் இன்னொருவன். "இதப் படிச்சா எந்த கம்பெனில மச்சான் வேல குடுப்பான்?" என்பான் பாக்யராஜ், தாவரவியல் படித்தவனுக்காகக் கம்பெனிகள் வரிசையில் நிற்கிற மாதிரி. கடைசியாகப் புகழ்வேந்தன் டீ கிளாஸை வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வான்: "ஆம்பளைங்களுக்கு எதிரானவங்கடா." எல்லோரும் தலையாட்டுவார்கள். பெண்கள் அந்த டீக்கடைக்கு வருவதில்லை, அதனால் அவர்களுடைய கருத்து எங்கும் பதிவாகவில்லை.

ஜனவரியில் ஓர் அசைன்மெண்ட் வந்தது. காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கிற வரைக்கும் நீங்கள் என்னென்ன செய்தீர்கள், ஒரு நாளை மணிவாரியாக எழுதி வாருங்கள். வழக்கம்போலப் புகழ்வேந்தன் தன் தாளைப் புவனேஸ்வரியிடம் நீட்டினான்.

"நீ ஒரு நாள்ல இன்னா செய்வன்னு எனக்கெப்டித் தெரியும்?" என்று அவள் கேட்டாள்.

"எதனா போட்டு ரொப்பு புவனா."

அவள் ரொப்பினாள். அவன் படித்துப் பார்க்காமல் கொடுத்தான். ஒரு வாரம் கழித்துத் தாள்கள் திரும்பி வந்தன. தவளக்குப்பம் ஜங்ஷனில், பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை ஜனத்துக்கும் நடுவில், பாக்யராஜ் அவன் கையிலிருந்து தாளைப் பிடுங்கி உரக்க வாசித்தான்.

"காலை நாலு அம்பது, எழுந்தேன். அஞ்சு மணி, வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். அஞ்சு இருபது, மாட்டுக்குத் தண்ணி காட்டினேன். அஞ்சே முக்கால், அப்பாவுக்கும் அண்ணனுக்கும் டீ போட்டேன். டேய் புகழு, உனக்கு ஏதுடா அண்ணன்? எட்டரை, பஸ்ஸில் ரெக்கார்ட் எழுதினேன். ராத்திரி ஒம்போதே முக்கால், எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டேன். பத்து மணி, பாத்திரம் கழுவினேன். பத்தரை, இன்னொருவருடைய அசைன்மெண்ட்டை எழுதினேன்."

கீழே சிவப்பு மையில் மேடம் ஒரு வரி எழுதியிருந்தார்: 'நல்ல உழைப்பு. கோலம் எத்தனை புள்ளி?' மார்க் போட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

அந்தக் கேள்விக்கு 'பதினஞ்சு' என்று பாக்யராஜே பதில் சொன்னான். அன்றிலிருந்து புகழ்வேந்தனுக்குப் 'பதினஞ்சு புள்ளி' என்று பேராகிவிட்டது. பஸ் கண்டக்டர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். செலியமேட்டில் ஒன்றரை ஏக்கர் கரும்பும் இரண்டு ஏக்கர் நெல்லும் வைத்திருக்கிற பக்கிரியின் ஒரே மகன், ஒரு பஸ் நிறைய ஜனம் பார்க்கத் தலைகுனிந்து நின்றான். நியாயமாக யார் மேல் கோபம் வர வேண்டும் என்று ராத்திரி முழுக்க யோசித்தான். எதையாவது போட்டு ரொப்பச் சொன்னது அவன்தான், ஆகவே புவனேஸ்வரி மேல் தப்புச் சொல்ல முடியாது. பாக்யராஜ் நண்பன். மிச்சம் இருந்தது மேடம்.

'அந்தம்மா அடுத்த ஜூன்ல இந்த கேட்டுக்குள்ள வரக் கூடாது' என்று முடிவு செய்தான். அதற்கு வழியும் இருந்தது. வருட முடிவில் ஒவ்வொரு பேப்பருக்கும் மாணவர்கள் கருத்துப் படிவம் நிரப்ப வேண்டும். பேர் எழுத வேண்டியதில்லை. ஆணா, பெண்ணா என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்து, ஆசிரியருக்கு ஐந்துக்கு ஒரு மார்க் போட்டு, கீழே கருத்து எழுத வேண்டும். கூகுள் ஃபார்மில் வைத்துப் பார்த்தார்கள், ஒரே பையன் பதினொரு தடவை போட்டதால் மறுபடி காகிதத்துக்கே வந்துவிட்டார்கள். கௌரவ விரிவுரையாளருக்குச் சராசரி மூன்றுக்குக் கீழே போனால் மறு வருடம் கூப்பிடமாட்டார்கள். பதினான்கு பெண்களும் ஐந்து போட்டாலும் இருபத்து மூன்று பையன்களும் ஒன்று போட்டால் சராசரி இரண்டரைதான். அந்தக் கணக்கை மட்டும் புகழ்வேந்தன் தன் கையாலேயே போட்டுப் பார்த்தான், டீக்கடைப் பலகையில் விரலால்.

மார்ச்சில் படிவம் வந்தது. வந்த நேரம் பாருங்கள், காமர்ஸ்காரர்களோடு வாலிபால் ஃபைனல். துறைத்தலைவர் சிங்காரவேலு சார் கட்டைக் கொடுத்து, "சாயந்தரம் நாலு மணிக்கு மொத்தமும் என் டேபிள்ல இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மைதானத்தில் விசில் ஊதிவிட்டது. புகழ்வேந்தன் இருபத்து மூன்று படிவத்தை எண்ணிப் பிரித்து, நேராகப் புவனேஸ்வரியின் பெஞ்சில் கொண்டுபோய் வைத்தான்.

"எங்கள்து எல்லாத்தயும் நீங்களே ரொப்பிடுங்க. எல்லாத்துலயும் ஒன்னு போடு. கீழ ரெண்டு ரெண்டு வரி திட்டி எழுது. ஒரே மாரி எழுதாத, மாத்தி மாத்தி எழுது."

"இன்னான்னு திட்டறது?"

"ஆம்பளைங்களுக்கு எதிரா பேசறாங்கன்னு போடு."

புவனேஸ்வரி பேனா மூடியைக் கழற்றி, திரும்பவும் மாட்டினாள். "அத நாங்க எழுதணும்?"

"நீதான அழகா எழுதுவ" என்றான் புகழ்வேந்தன். அவனைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு.

புத்தி சரியாக வேலை செய்கிற எவனுக்கும் அந்த இடத்தில் ஏதோ உறைத்திருக்கும். ஒரு பேப்பர் முழுக்க எதைப் பற்றிப் பேசினார்களோ அதையே செய்து அந்தப் பேப்பரை ஒழித்துக்கட்டப் பார்க்கிறோமே என்று ஒரு நொடியாவது தோன்றியிருக்கும். அவன் காதில் விசில் மட்டும் விழுந்தது. ஓடிப்போய் விளையாடினான். தாவரவியல் ஜெயித்தது.

பத்து நாள் கழித்துச் சிங்காரவேலு சார் படிவக் கட்டோடு வகுப்புக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"இருவத்தி ரெண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். பசங்களப் பத்தி நான் என்னமோன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்று தழுதழுத்தார். "இருபத்து மூணு ஆம்பளப் பசங்களும் அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கீங்க. அதுகூடப் பரவால்ல. எழுதியிருக்கீங்க பாரு!"

ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். 'பெண்கள் கழிவறையில் மூன்று வருடமாகத் தண்ணீர் வருவதில்லை. ஒரு கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. எங்கள் வகுப்புத் தோழிகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள். இதைப் பார்க்க எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது.' இன்னொன்று: 'மேடம் கேள்வி கேட்டால் பதில் வரும்வரை காத்திருக்கிறார். வீட்டில்கூட என் பதிலுக்காக யாரும் காத்திருந்ததில்லை.' இன்னொன்று: 'என் ரெக்கார்டை நானே எழுதாமல் இருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. இனிமேல் எழுதுவேன்.'

மற்ற இருபத்திரண்டு பேரும் புகழ்வேந்தனைப் பார்த்தார்கள். அவன் புவனேஸ்வரியைப் பார்த்தான். அவள் கரும்பலகையை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

சார் இருபத்து மூன்று பேருக்கும் வெஜ் பப்ஸ் வரவழைத்துக் கொடுத்தார். பெண்களுக்குக் கிடையாது. அவர்கள் எழுதியதில் புதிதாக ஒன்றும் இல்லை என்று சார் சொன்னார். ஆச்சரியம் என்னவென்றால், பப்ஸ் தின்றதும் பையன்களின் கோபம் பாதி குறைந்துவிட்டது. "வுடு மச்சான், நல்ல பேராச்சே" என்றான் பாக்யராஜ், வாயைத் துடைத்துக்கொண்டு. இரண்டே நாளில் பெண்கள் கழிவறைக்குப் புதுக் குழாய் வந்தது, தாழ்ப்பாள் வந்தது, ஒரு பிளாஸ்டிக் வாளிகூட வந்தது.

புகழ்வேந்தனுக்குத்தான் ஆறவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் புவனேஸ்வரியை மடக்கினான்.

"ஒன்னு போடச் சொன்னா அஞ்சு போட்டுக்கீற. திட்டி எழுதச் சொன்னா இன்னாத்தயோ எழுதிக்கீற. எங்க ஃபார்ம்ல எழுத நீ யாரு?"

"நீதான ரொப்பச் சொன்ன?" அவள் குரலை உயர்த்தவில்லை. "புகழு, ஃபர்ஸ்ட் இயர்லேர்ந்து எங்க ஃபார்ம்ல அந்தத் தண்ணியப் பத்தி எழுதிட்டுதான் கீறோம். பதினாலு பேரும். ஒருத்தரும் படிக்கல. ஆண்னு டிக் அடிச்சி அதே வரிய எழுதினோம். ரெண்டு நாள்ல கொழாய் வந்துடுச்சி. உனக்கு இன்னா, பப்ஸ் கெடைச்சிச்சி இல்ல?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான். அவள் கணக்குச் சரியாக இருந்தது, அதுதான் தொல்லை.

அடுத்த வியாழக்கிழமை மேடம் அந்தப் படிவக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். பின்னாலேயே சிங்காரவேலு சார், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"இந்த இருபத்து மூணு ஃபார்மையும் சார் எனக்குக் காட்டுனாரு" என்றார் மேடம். "படிச்சிட்டு ரொம்ப சந்தோஷப்பட்டேன். அப்புறம் கையெழுத்தப் பாத்தேன். வருஷம் பூரா உங்க அசைன்மெண்ட்டத் திருத்துனவ நான். இது நாலு பேர் கையெழுத்து. அந்த நாலு பேரும் எந்தப் பக்கம் ஒக்காந்திருக்காங்கன்னு நான் சொல்ல வேணாம்."

"அப்ப அந்தப் பப்ஸு?" என்று சிங்காரவேலு சார் தனக்குத்தானே கேட்டுக்கொண்டது எல்லோருக்கும் கேட்டது.

"நீங்க எழுதாத அசைன்மெண்ட்டுக்கு நான் மார்க் போட்டதில்ல" என்றார் மேடம். "நீங்க எழுதாத ஃபார்ம்ல எனக்கு மட்டும் மார்க் எப்படி வாங்கிக்கிறது? சார்கிட்ட சொல்லிட்டேன். பொண்ணுங்க ஃபார்ம் அப்படியே இருக்கட்டும். பசங்க இப்ப புதுசா எழுதுங்க. நீங்களே எழுதுங்க. என்ன தோணுதோ அத எழுதுங்க."

புவனேஸ்வரி மெதுவாகக் கை தூக்கினாள். "மேடம், அப்ப தண்ணி?"

"தண்ணி வந்தது வந்ததுதான்மா. அது ஃபார்ம் எழுதி வாங்க வேண்டிய விஷயமே இல்ல." சாரைத் திரும்பிப் பார்த்தார். சார் அவசரமாகத் தலையாட்டினார்.

மார்க் வாங்குகிறவர் வகுப்பில் இருக்கக் கூடாது என்று மேடம் வெளியே போனார். பெண்களையும் சார் வராந்தாவுக்கு அனுப்பினார். இருபத்து மூன்று பையன்கள், இருபத்து மூன்று வெள்ளைப் படிவம். எட்டுப் பேரிடம் பேனா இல்லை. சார் ஸ்டாஃப் ரூமிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார்.

ஆக, புகழ்வேந்தன் கேட்டது கைக்கே வந்துவிட்டது. 'ஒன்று' என்று ஒரு கோடு கிழித்தால் போதும். பக்கத்திலிருந்து பாக்யராஜ் கிசுகிசுத்தான்: "மச்சான், எவ்ளோ போடற? காட்டுடா." நிமிர்ந்து பார்த்தான். இருபத்திரண்டு கழுத்தும் அவன் பக்கம் நீண்டிருந்தன. அவன் என்ன போடுகிறானோ அதுதான் இருபத்து மூன்று பேரின் மார்க். மேடத்தின் ஜூன் மாதம் அவன் விரலுக்குக் கீழே இருந்தது.

முதலில் கருத்தை எழுதலாம், மார்க் அப்புறம் என்று நினைத்தான். 'மேடம் திட்டுவார்' என்று எழுதப் போனான். யோசித்துப் பார்த்தால் ஒருநாளும் திட்டியதில்லை. 'பாரபட்சம் பார்ப்பார்' என்று எழுதலாமா? முப்பத்தேழு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். 'ஆண்களுக்கு எதிரானவர்' என்று எழுத 'ஆ' போட்டான். டீக்கடையில் நாக்கால் நூறு தடவை சொன்ன வார்த்தை. கையால் எழுத்து எழுத்தாக எழுத வேண்டும் என்றபோது, எதை வைத்து அப்படிச் சொல்கிறேன் என்று அடுத்த வரியில் எழுத வேண்டியிருந்தது. எழுத ஒன்றும் இல்லை. 'ஆ'வை அடித்தான்.

"காட்டுடா புகழு, பஸ்ஸு போயிரும்" என்றான் பாக்யராஜ்.

"நீயே எழுதுடா" என்று சொல்லிவிட்டு, புகழ்வேந்தன் இடது கையை வளைத்துத் தாளை மறைத்துக்கொண்டான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டை மறைக்கிற மாதிரிதான் இருந்தது. அதற்கு வெட்கப்படக்கூட நேரமில்லாமல் எழுதினான்.

முக்கால் மணி நேரம் ஆனது. சிங்காரவேலு சார் படிவங்களை வாங்கி, முதல் தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். இரண்டாவதும் அப்படியே. "டேய், இத எந்த மனுசன்டா படிக்கிறது?" என்று வராந்தா பக்கம் திரும்பி, "புவனேஸ்வரி! இங்க வாம்மா. உனக்குத்தான் இவனுங்களப் பழக்கம். கொஞ்சம் படிச்சிச் சொல்லு" என்றார்.

புவனேஸ்வரி வந்தாள். மற்றப் பெண்களும் வாசலில் வந்து நின்றார்கள். அவள் தாளை வாங்கி, நிதானமாகப் பார்த்து, திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கும் தெரியல சார். இவங்க கையெழுத்த நான் பாத்ததே இல்ல."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். மூன்று வருடமாகப் புகழ்வேந்தனுடைய நோட்டு முழுக்க அவள் எழுத்துதான். அவன் எழுந்து நின்றான்.

"குடுங்க சார். என்னோடத நான் படிக்கிறேன்."

அவனுடைய தாள் எது என்று கண்டுபிடிக்கவே ஒரு நிமிடம் ஆனது. தன் எழுத்தைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்தான்: "மேடம் சொல்வதில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. அவரைப் பற்றிக் குறை எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர் கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அது மேடத்தின் தப்பு இல்லை. மார்க் மூன்று."

யாரும் சிரிக்கவில்லை. பாக்யராஜ்கூட. "மூணா? பெருந்தன்மைதான்டா உனக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே சார் குறித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவனும் வரிசையில் வந்து தன் தாளைத் தானே வாசித்தான். ஒருவன் ஒன்று போட்டிருந்தான், தூக்கம் கெட்டதாம். ஒருவன் ஐந்து போட்டிருந்தான். மேடம் கேட்ட அன்று அம்மாவை முதலில் சாப்பிடச் சொன்னானாம், உடம்பு சரியில்லையா என்று அம்மா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம். பாக்யராஜ் இரண்டு வார்த்தை எழுதியிருந்தான், அதில் ஒன்றை அவனாலேயே படிக்க முடியவில்லை. சார் பெண்களின் படிவத்தையும் சேர்த்துக் கூட்டி, இரண்டு தடவை சரிபார்த்து, "மூணு புள்ளி ஆறு" என்றார். "ரெப்பு, போய் மேடத்தக் கூட்டிட்டு வா."

மேடம் தன் ஸ்கூட்டி பக்கத்தில் நின்றிருந்தார். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். வகுப்பில் பதிலுக்காக நிற்கிறபோது சாவகாசமாக நிற்பார். இப்போது அப்படி நிற்கவில்லை. இந்த அம்மாவுக்குப் பயமாகக்கூட இருக்கும் என்று புகழ்வேந்தனுக்கு அதுவரை தோன்றவே இல்லை. தன்னால்தான் அந்தப் பயம் என்று தோன்றியதும் வெட்கத்தில் அங்கேயே நின்றுவிட்டான்.

"மூணு புள்ளி ஆறு மேடம்" என்றான் தூரத்திலிருந்தே. "சார் கூப்பிடறாரு."

மேடம் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார். ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டினார், முதல் தடவை வழுக்கியது, இரண்டாம் தடவை நின்றது. பிறகுதான் அவனைப் பார்த்தார்.

"எழுதுனியாப்பா?"

"எழுதினேன் மேடம்."

"நீயேவா?"

"நானேதான் மேடம்." அவன் வலது கையை உதறிக் காட்டினான். "கை வலிக்குது."

மேடம் அந்தக் கையைப் பார்த்தார், மை படிந்த விரலைப் பார்த்தார், அந்த வருடத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"வலிக்கும்" என்றார். "பெஞ்சுக்கு அந்தப் பக்கம் கேட்டுப் பாரு, எத்தன வருஷமா வலிக்குதுன்னு."

சொல்லிவிட்டு வகுப்புப் பக்கம் நடந்தார். புகழ்வேந்தன் பின்னாலேயே போனான், கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, புவனேஸ்வரியிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்தபடி.